12.9: ஒரே மண்டபத்துக்கு இரண்டு பயணம்

போன வருடம், 2007இல், ஒரே மண்டபத்துக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம் செப்டெம்பர் 12, புதன்கிழமை. அடுத்த தரம் டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. லண்டனுக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் போய்வந்ததையெல்லாம் பயணக் கட்டுரை என்று எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். தனியாக இருக்கிற ஆட்களுக்கு அதுவே பெரிய தூரம்.

நான் நோர்பரியில் ஓர் அறையில் இருக்கிறேன். பக்கத்து முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. அங்கே என்னோடு மதிய ஷிப்ட் செய்தவள் லின், சீனாவிலிருந்து படிக்க வந்த பெண். மற்றத் தமிழ்ப் பெண்களைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்றே கூப்பிடுவாள். மீதியெல்லாம் அரைகுறை இங்கிலீசு. அவள் பேசியதை இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

ஓகஸ்ட் கடைசியில், கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கதை சொன்னாள். 1935இல் ஜப்பான் வட சீனாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்ததாம். அரசாங்கமோ விட்டுக்கொடுத்துக்கொண்டே போனதாம். பொறுக்கமாட்டாமல் பெய்பிங்கில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பொலிஸ் அவர்கள்மேல் குழாயால் தண்ணீர் அடித்தது. அது உடுப்பிலேயே உறைந்துபோனதாம். அந்த நாளை அவர்கள் திகதியின் இலக்கங்களைக் கொண்டு "ஒன்று இரண்டு ஒன்பது" என்றுதான் சொல்வார்களாம். எனக்கு அது உடனே பிடிபட்டது. இலங்கைத் தமிழர் எங்களிடம் ஜூலை என்றால் அது 83 கலவரம்தான்; எந்த ஜூலை என்று யாராவது கேட்பார்களா?

அவளுடைய ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் அந்த நாளில் மாணவர்கள் கூட்டமாக நின்று பாடுவார்களாம். இங்கேயும் சில மாணவர்கள் சேர்ந்து ஒழுங்குசெய்கிறார்கள் என்றாள்.

"எல்லாருக்கும் பாக்க ஆக்கள் வருவினம். எனக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் வாங்கோ அக்கா," என்று ஒரு தாளைத் தந்தாள். முழுக்கச் சீன எழுத்து. மண்டபத்தின் விலாசமும், 12.9 என்ற இலக்கமும், 6.30 என்ற நேரமும்தான் எனக்கு வாசிக்க முடிந்தவை. செப்டெம்பர் பிறந்ததும் அவள் ஆய்வுக் கட்டுரை எழுதி முடிக்க இரண்டு கிழமை லீவில் போய்விட்டாள். போகும்போது ஒன்றும் ஞாபகப்படுத்தவில்லை. பிஸி போல என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் 12 அன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு, பதினைந்து ரோல்ஸ் பொரித்து, நல்ல சீலை ஒன்றும் கட்டினேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடை அண்ணை விடவில்லை. "என்ன தங்கச்சி, புதன்கிழமையில சீலை? ஆருக்குக் கலியாணம்?"

"என்ர சிநேகிதி பாடுறாள் அண்ணை," என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

நாள் முழுவதற்குமான ட்ராவல் கார்ட் 5 பவுண் 70 பென்ஸ். 5.05 ரயில், விக்டோரியா வரை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் மூன்றாவது தரிப்பான வாரன் ஸ்ட்ரீட்டில் இறங்கி, எட்டு நிமிட நடை. 5.55க்கு வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. மண்டபக் காவலாளி எட்டிப் பார்த்தார். "இண்டைக்குப் பாட்டு ஒண்டும் இல்லையே, பிள்ளை. ஏழு மணிக்கு யோகாதான்."

லின்னுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். அணைத்து வைத்திருந்தாள். யோகாப் பாய்களோடு உள்ளே போனவர்கள் என் சீலையை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஏழரைவரை நின்றேன். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. கோபம்தான் சுகமாக இருந்தது, அதையே பிடித்துக்கொண்டேன்.

லீவு முடிந்து வந்தவள், "என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி?" என்றாள்.

"ஒண்டுமில்லை."

அடுத்த நாளும் கேட்டாள். அதே பதில்தான். பிறகு அவள் கேட்கவில்லை. நான் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டேன். எனக்கு ரோசம் கொஞ்சம் அதிகம். தண்ணீர் உடுப்பில் உறைகிற குளிர் செப்டெம்பரில் எங்கேயிருந்து வரும் என்று இந்த மரமண்டைக்கு ஓடவேயில்லை.

டிசம்பர் முதல் வாரம் வேலையிடத்து அறிவிப்புப் பலகையில் லின் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். அதே 12.9. இந்த முறை கீழே இங்கிலீசிலும் எழுதியிருந்தது: டிசம்பர் 9, ஞாயிறு. சீனர்கள் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். பலகைக்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிறு ரயில் குறைவு என்பதால் 4.35க்கே வெளிக்கிட்டேன். சீலையும் இல்லை, ரோல்சும் இல்லை. மண்டபம் நிறைந்திருந்தது. நாற்பது பேர் அளவில் மேடையில், இரண்டாவது வரிசையில் லின். பாட்டில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நானும் ஒரு காலத்தில் பள்ளிச் சீருடையோடு ஊர்வலம் போனவள். என்னோடு நடந்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கப் பயந்தவள். கடைசி வரிசையில் இருந்து ஓவென்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர் டிஷ்யூ தந்தார்.

முடிந்ததும் வாசல் படியில் அவளைப் பிடித்து, செப்டெம்பரில் வந்து நின்றதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் உங்களை நோகப்பண்ணிப்போட்டன் எண்டு நினைச்சன் அக்கா. சண்டைக்குள்ளால வந்த ஆளிட்டப் போய் மாணவர் அடிவாங்கின கதையைச் சொல்லிப்போட்டனே எண்டு. அதாலதான் பிறகு கேக்கேல்லை."

"விசரி! நான்தான் பிழை. நாளைக்கே மத்தியான ஷிப்டுக்கு வாறன்."

"நான் செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போறன் அக்கா. படிப்பு முடிஞ்சுது."

போக நினைப்பவர்களுக்கு: அரை மணித்தியாலம் முந்திப் போனால்தான் இருக்க இடம் கிடைக்கும். உள்ளே ஹீட்டர் போதாது, கோட்டைக் கழற்றவேண்டாம். சீனச் சிநேகிதர் யாராவது இலக்கத்தில் திகதி தந்தால் எந்த மாதம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படியும் ஆளைக் காணாவிட்டால் ஏன் வரவில்லை என்று அடுத்த நாளே கேளுங்கள். நான் மூன்று மாதம் கேட்காமல் இருந்தேன். கேட்டபிறகு எனக்குக் கிடைத்தது இரண்டு நாள்.