ரெக்கார்டு அறையில் ஒருவர்

அவள் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பள்ளிக்கூடத்தில் மைக் பழுதானால் ஆசிரியர்கள் அவளைத்தான் தேடுவார்கள். தெருமுனையில் நின்று தம்பியைக் கூப்பிட்டால், அடுத்த தெருவில் யாருடைய தம்பியோகூடத் திடுக்கிட்டு ஓடிவருவான். வெண்கலக் குரல் என்று யாரோ சொல்லப்போக, நாளடைவில் குரல் உதிர்ந்து வெண்கலம் மட்டும் நின்றுவிட்டது. காவல்துறையில் சேர்ந்த பிறகும் அதே பெயர்தான். சட்டையில் குத்தியிருந்த பெயரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் அந்தக் குரல் ஆகவே ஆகாது. அம்மா தையல்காரி, பேசுவதுகூட ஊசி நூல் கோப்பதுபோல மெதுவாகத்தான்.

"மெதுவாப் பேசுடி, நாலு பேர் திரும்பிப் பாக்குறாங்க."

"பாக்கட்டும்மா. நான் என்ன திருடியா வச்சிருக்கேன்?"

திருட்டு என்ற பேச்சு அந்த வீட்டுக்குள் உண்மையாகவே வந்தது, அவள் பள்ளி முடித்த வருடம். தெருவில் யாருடைய மோட்டார் சைக்கிளோ காணாமல் போனது. பட்டறையிலிருந்து வீட்டுக்கு நடந்துவந்த தம்பியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் சொல்லி, அம்மா காவல் நிலையத்து வாசலில் போய் நின்றாள். "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா, போய் வேற எங்கயாவது தேடு" என்றார் வாசலில் நின்ற போலீஸ்காரர். அம்மா வேறு எங்கே தேடுவாள்? சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து நின்றாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் கிடைத்தது.

மறுநாள் வண்டிக்காரருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டுப் பேருந்தில் வந்துவிட்டாராம். தம்பியை விட்டுவிட்டார்கள். மன்னிப்பா? அதெல்லாம் எந்தக் கடையில் விற்கிறது? வீட்டுக்கு வந்தவன் சுவரோரம் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான்.

"நான் சுவருக்கு அந்தப் பக்கந்தான் இருந்தேன். அம்மா கேட்டதும் கேட்டுச்சு, அவங்க இல்லேன்னு சொன்னதும் கேட்டுச்சு."

வாங்கிய அடியைப் பற்றி அவன் பேசவேயில்லை. அந்த "இல்லே"தான் அவனை என்னவோ செய்துவிட்டது. இருக்கிற ஆளை, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஆளை, பெற்றவளிடமே இல்லை என்று சொல்ல முடியுமென்றால், அதன் பிறகு அந்த ஆளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

இதெல்லாம் நடந்த பிறகும் வெண்கலம் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டாள். தம்பி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

"அந்த வாசல்ல எப்பவும் யாராவது ஒருத்தர் நிக்கத்தானே போறாங்க?" என்றாள் அவள். "நான் நிக்கிறேன்."

ஆனால் வாசல் அவ்வளவு சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து, நீதிமன்றத்துக்குக் கைதிகளைக் கூட்டிப்போவது, அமைச்சர் வருகிறார் என்று வெயிலில் காய்வது என்று வருடங்கள் ஓடின. இடையில் கல்யாணம். கணவர் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். "வேலையில ஒரு டிரில்லு, வீட்டுல ஒரு டிரில்லு, காது நல்லாப் பழகிடுச்சு" என்று சிரிக்கிற மனிதர். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டுக்கும் குரல் அப்பாவைப் போலத்தான்.

கடைசியாக வாசலைக் கொடுத்தவர் அவள் மாற்றலாகி வந்த நிலையத்து இன்ஸ்பெக்டர். கொடுத்தது தண்டனையாக. விசாரணைக்கு வந்த ஒரு வேலைக்காரப் பெண்ணை அறையச் சொன்னார். வெண்கலம் முடியாது என்றாள். அதையும் அவள் வழக்கமான குரலில் சொன்னதால் மனு கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டுத் தொலைத்தது. "இனிமே நீ உள்ளயே வராதே. பாரா போய் நில்லு" என்றார். வாயைத் திறக்கிறவளைப் பிடித்துத் தெருவைப் பார்த்து நிறுத்துகிற புத்திசாலித்தனத்தை அந்தத் துறையில்தான் பார்க்க முடியும்.

பாரா என்பது வாசல் காவல். ஒருவர் பணி முடிந்து இறங்கும்போது அடுத்தவர் ஏறுவார். ஏறுகிறவரிடம் துப்பாக்கி எத்தனை, சாவி எத்தனை, லாக்கப்பில் ஆள் எத்தனை என்று இறங்குகிறவர் ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொண்டவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு, வாசல்படியில் நின்று அந்தக் கணக்கை உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அதிகாரி தன் அறையில் இருந்தபடியே கேட்டுக்கொள்வதற்காக ஏற்பட்ட வழக்கமாம். போகப்போக எல்லோரும் அதைக் கடமைக்கு முணுமுணுத்து முடித்துக்கொண்டார்கள். வெண்கலம் மட்டும் எழுதியிருந்தபடியே செய்தாள். எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். லாக்கப்பில் இருப்பவர்களை அவள் எட்டிப் பார்த்து எண்ணுவதில்லை. உள்ளே போய், ஒவ்வொருவர் வாயாலும் பேரைச் சொல்லவைத்து, சாப்பிட்டீர்களா என்றும் கேட்டுவிட்டுத்தான் வருவாள். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விதிப்படி செய்வதை எந்த விதியைக் காட்டித் தடுப்பது?

அவளுக்கு முன்னால் பாரா நிற்பவர் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காவலர். நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் வராது. பூனை என்று பெயர். நல்ல மனிதர்தான். ஓய்வூதியம் என்ற சொல் அவர் நாக்கைக் கட்டிப் போட்டிருந்தது.

அன்று காலை வெண்கலம் பணிக்கு வந்தபோது, வாசலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெண் சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றும் அதே இடத்தில் பார்த்த முகம். பெரிய வீடு ஒன்றில் நகை காணாமல் போயிருந்தது. அந்த வீட்டுக் கார் டிரைவரின் மனைவி இவள். டிரைவரைக் காணவில்லை.

பூனை சாவியை நீட்டினார். "துப்பாக்கி சரி. சாவி சரி. உள்ள யாருமில்லம்மா."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"ரெக்கார்டு ரூம் சாவி எங்கண்ணே?"

"அது லாக்கப் இல்லயேம்மா."

"பூட்டியிருக்கா இல்லையா?"

"பூட்டித்தான் இருக்கு."

"உள்ள ஆள் இருக்கா இல்லையா?"

பூனை பெல்ட்டைச் சரிசெய்தார்.

"பூட்டு இருக்கு, ஆள் இருக்கு, ஆனா லாக்கப் இல்ல. அப்புறம் அது என்னண்ணே, விருந்தினர் மாளிகையா?"

"என்னை வம்புல மாட்டிவிடாதே தாயே. மதியத்துக்குள்ள ஆளை வேற எங்கயோ கொண்டுபோறாங்களாம். இன்னும் கொஞ்ச நேரந்தான். கண்ணை மூடிக்கோ."

வேற எங்கயோ. அந்த இடங்கள் எப்படிப்பட்டவை என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, பேர்ப்பலகை இல்லாத கட்டடங்கள். இங்கே இல்லை என்று சொல்லப்பட்டவன் அங்கே செத்தே போனாலும் எந்தக் கணக்கிலும் ஒரு ஆள் குறையாது. அவளுக்குப் பயம் இருந்தது, இல்லாமல் என்ன? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அவள் பூனையின் கையிலிருந்து கொத்துச்சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பழைய காகிதக் கட்டுகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதங்கள் இரண்டும் வீங்கிக் கருத்திருந்தன. கதவு திறந்ததும் கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனார்.

"அடிக்க வரல. பேர் சொல்லுங்க."

சொன்னார். அப்பா பேரும் தெருவும் கேட்டாள், அவற்றையும் சொன்னார்.

"சாப்பிட்டீங்களா?"

அதற்குத்தான் அவர் அழுதார். பிறகு, "நான் இங்க இருக்கேன்னு வீட்டுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார்.

"இப்பத் தெரிஞ்சிரும்" என்றாள் வெண்கலம்.

வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் நடைவழியில் குறுக்கே நின்றார். பூனை அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சாவியைக் குடு. வெளிய போய் யாருமில்லன்னு சொல்லிட்டு உன் வேலையைப் பாரு."

"பார்த்ததைத்தான் சார் சொல்ல முடியும்."

"அவன் திருடன். யாருக்காக வேலையை இழக்கப்போறன்னு யோசிச்சுக்கோ."

"திருடனா இல்லையான்னு கோர்ட்டு சொல்லட்டும் சார். இருக்காரா இல்லையான்னு சொல்றதுதான் என் வேலை."

அவர் கையை நீட்டி மறிக்கப் பார்த்தார். அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து வந்துவிட்டாள். வாசல்படிக்கு வந்து குதிகாலைச் சேர்த்து நின்றாள். மரத்தடிப் பெண்ணின் தலைக்கு மேலே, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் குறைக்கச் சொல்லிக் கேட்ட குரலை அன்று ஒரு துளிகூடக் குறைக்கவில்லை.

"துப்பாக்கி சரி! சாவி சரி! லாக்கப்பில் யாருமில்லை! ரெக்கார்டு அறையில் ஒருவர்!"

தொடர்ந்து அவர் பேரைச் சொன்னாள். அப்பா பேரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். "இரண்டு பாதங்களிலும் வீக்கம்! நடக்க முடியவில்லை! சாப்பாடு கொடுக்கப்படவில்லை!"

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர்கூட அசையவில்லை. வந்த பேருந்தின் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மனு கொடுக்க நின்றவர்களில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். அவர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினார். மரத்தடிப் பெண் எழுந்து வந்து படிக்குக் கீழே நின்றாள்.

"அவர் எடுக்கலக்கா. சத்தியமா அவர் எடுக்கல."

"எடுத்தாரா இல்லையான்னு நான் கேக்கலம்மா. எடுத்திருந்தாலும் அவர் இருக்கார். பாத்திரத்தைக் குடு, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

இன்ஸ்பெக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு தெருவே கேட்டுவிட்டதைத் திருப்பி எடுத்து எந்தப் பீரோவில் வைப்பது? சாயங்காலத்துக்குள் டிரைவரை நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள். நீதிபதி அவர் பாதங்களைப் பார்த்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு அனுப்பினார். நகையை யார் எடுத்தார்கள் என்பது ஊருக்குப் பல நாள் பேச்சு. வெண்கலத்துக்கு அதில் அக்கறை இல்லை.

அவளுக்கு மெமோ வந்தது. பொது இடத்தில் அளவுக்கு மீறிய சத்தம் எழுப்பி நிலையத்தின் மதிப்பைக் குலைத்தாள் என்று குற்றச்சாட்டு. மனிதனின் பாதங்களை அடித்து வீங்கவைத்ததில் குலையாத மதிப்பு சத்தத்தில் குலைந்துவிட்டதாம். விசாரணை நடத்திய பெரிய அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்படி எவ்வளவு சத்தமாத்தான் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"சொல்லிக் காட்டட்டுமா சார்?"

"ம்."

அவர் அந்த "ம்"மை யோசிக்காமல் சொல்லிவிட்டார். அவள் எழுந்து விறைப்பாக நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மறுபடியும் சொன்னாள். மாடிப்படியில் போனவர்கள் நின்றார்கள். பக்கத்து அறைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தக் கட்டடத்தில் அதற்குப் பிறகு ரெக்கார்டு அறையைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

ஆனாலும் மாற்றல் தப்பவில்லை. பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் மைதானத்துக்குக் காவல். அன்றிரவு அவள் அம்மா வீட்டில் தங்கினாள். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டு விழப்போகிறது என்றுதான் வெண்கலம் நினைத்தாள்.

"அன்னிக்கு அந்த வாசல்ல நீ நின்னிருக்கணும்டி" என்றாள் அம்மா.

சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பாமலே, "நாளைக்கு எந்த பஸ்சுல போறே அக்கா?" என்று கேட்டான். மறுநாள் காலை நிறுத்தம் வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான்.

மைதானத்துக்குப் போகிற பேருந்து பழைய காவல் நிலையத்தைத் தாண்டித்தான் போகும். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று இருந்தவள், பாரா மாறுகிற நேரத்தில் வண்டி எதிரே வந்து நின்றதும் பார்த்துவிட்டாள். அவள் விட்டுப்போன முறைக்குப் பாரா ஏறி, வாசல்படியில் பூனை நின்றிருந்தார். காலைச் சேர்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பழகாத தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது.

"லாக்கப்பில் இருவர்! ரெக்கார்டு அறை திறந்திருக்கிறது! உள்ளே யாருமில்லை!"

வெண்கலம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இன்னும் சத்தமாண்ணே!"

பூனை கண்ணைத் திறந்தார். யார் என்று தேடவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.