ஏழு மிஸ்டு கால்கள்

கிட்னிக் கல் எடுக்கப் போன கோவை ஆஸ்பத்திரியில் நான் ஒரு பொய் சொன்னேன். "ஒரு வாரமா மாத்திரை போட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, போட்டேன் என்றேன். ஒன்றுகூடப் போடவில்லை.

"நல்லதுங்க. உள்ள குழாய் உட்டுத் தண்ணி பாச்சறப்ப கிட்னியில அழுத்தம் ஏறும். ரொம்ப ஏறுனா கிருமி ரத்தத்துல கலந்துரும். அழுத்தம் ஏறாம இருக்கத்தானுங்க அந்த மாத்திரை," என்றார்.

தள்ளுவண்டி நகரும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "போடலீங்க அம்மணி. போட்டா தலை சுத்தும்னு சொன்னாங்க. தோட்டத்துல நான் ஒருத்தன்தானுங்க. மயங்கி உளுந்து கெடந்தா, தேங்காய் போட ஆள் வார வரைக்கும் ஆருக்கும் தெரியாதுங்க."

அவர் திட்டவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னார். ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. திரும்பி வந்து, "படுக்கப் போறப்ப போட்டுக்கச் சொன்னாருங்க. காத்தால எந்திரிச்சதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. வரலீன்னா உங்க தொண்டாமுத்தூர் தோட்டத்துக்கே ஆள் அனுப்பிப்போடுவேன்," என்றார்.

ஏழு நாளும் மிஸ்டு கால் கொடுத்தேன். ஆபரேஷனில் கல்லும் வெளியே வந்துவிட்டது.

வீடு திரும்பிய மறுநாள், விடிந்ததும் கை தானாகப் போனை எடுத்தது. அவர் எண்ணைப் பார்த்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். மாத்திரை தீர்ந்திருந்தது. நான் எழுந்ததை யாராவது தெரிந்துகொள்ள வேண்டிய காரணமும் அதோடு தீர்ந்திருந்தது.