எண் மாறிய கைத்துப்பாக்கிகள்

ஹெல்ம்ஃப்ரீட் டீமர் எங்கள் ஊர் அலுவலகங்களுக்கெல்லாம் டைப்ரைட்டர் பழுதுபார்ப்பவர். மாவட்ட நிர்வாகக் கட்டடத்தில் இருந்த நாற்பது இயந்திரங்களில் எதில் எந்த எழுத்து சிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். நான் அங்கே இரண்டாம் மாடியில் தட்டச்சு வேலை பார்த்தேன். என் பெயர் அன்னெலோர் போலிட்ஸ். அது தெரிந்தும் பதினைந்து வருடமாக அவர் என்னை "டைப்பம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

இருவரும் ஒரே தெருவில் குடியிருந்தோம். மனைவி இறந்த பிறகு அவர் தனியாள். ஞாயிற்றுக்கிழமை ப்ளம் கேக் சுட்டால் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படித்தான் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். உள்ளே பதினோரு கைத்துப்பாக்கிகள். எல்லாம் பிரஷ்யக் குதிரைப்படைக்காரர்கள் சேணத்தில் செருகிக்கொண்டு போனவை. 1870க்குப் பின்னால் செய்த ஒன்றுகூட அதில் கிடையாது.

"ஏன், அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் நல்லா இல்லியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லாத்தான் சுடும். பதினெட்டு வயசுல எங்கையில ஒண்ணு குடுத்து அனுப்பினாங்க, அதனால தெரியும்." கேக்கில் ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றார். "இதுங்க அப்படி இல்ல டைப்பம்மா. இதால செத்தவனுக்காக அழுதவங்களும் செத்துப் போயாச்சு. வீட்டுல வெச்சுக்கலாம்."

முதல் துப்பாக்கி அவருக்கு 1952இல் கிடைத்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயி அதன் பிடியால் வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். டீமர் அவர் வீட்டுத் தையல் இயந்திரத்தைச் சரிசெய்து கொடுத்து, பதிலுக்கு அதைக் கேட்டார்.

"அந்தாளு என்னைக் கிறுக்குன்னே முடிவு பண்ணிட்டாரு. வேணும்னா சுத்தியலும் தரேன், எடுத்துட்டுப் போன்னாரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு குளிர்காலம் முழுக்கத் துரு நீக்கிய பிறகு பித்தளையில் முத்திரை தெரிந்தது: எட்டாம் ஹுஸார் குதிரைப்படை, மூன்றாம் அணி, நாற்பத்தொன்றாம் ஆயுதம். அந்த நாற்பத்தொன்றை வைத்திருந்தவன் யார் என்று ஆவணக்காப்பகங்களுக்கு இரண்டு வருடம் கடிதம் எழுதினார். 1866இல் ஓர் ஆற்றைக் கடக்கும்போது குதிரையோடு அடித்துச் செல்லப்பட்டவன் என்று பதில் வந்தது. அவனுடைய பெயரைச் சின்ன அட்டையில் எழுதித் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். மற்ற பத்துக்கும் இப்படி ஒவ்வொரு அட்டை சேர முப்பது வருடம் ஆனது.

அவர் பெருமைப்பட்டது வேறு ஒன்றுக்காக. அந்தக் காலத்துப் பட்டறையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் தனித்தனியே இழைத்துப் பொருத்துவார்களாம். குழல், சுடும் பொறி, மரப்பிடி மூன்றிலும் ஒரே எண்ணைப் பொறிப்பார்களாம்.

"மூணுலயும் ஒரே எண் இருந்தா, அது பொறந்த மேனிக்கு இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு மாறிப்போச்சுன்னா அது வெறும் பழைய இரும்பு. சேக்கறவன் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

அவரிடம் இருந்த பதினொன்றிலும் எண்கள் மாறாமல் இருந்தன.

1982 வசந்தத்தில் கோத்தா நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரின் செய்தி எங்கள் ஊருக்கு வந்தது. அவர் பழைய கடிகாரங்கள் சேர்ப்பவர். ஒரு காலை அரசாங்க வண்டி வந்து நின்றது. மத்தியானத்துக்குள் அந்த வீட்டுச் சுவர்களில் வெறும் ஆணிகள்தான் மிச்சம். பழைய பொருட்கள் லாரியேறி எல்லைக்கு அந்தப் பக்கம் மேற்கு நாடுகளுக்கு விலைக்குப் போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மே மாதம் டீமரைத் தேடி ஒருவர் வந்தார். அருங்காட்சியகத்திலிருந்து வருவதாகச் சொன்னாராம். நல்ல மேல்கோட்டு, மரியாதையான பேச்சு.

"எல்லாம் தெரிஞ்ச மனுஷன். மரப்பிடி எந்தப் பட்டறைன்னு பாத்ததும் சொல்லிட்டாரு" என்றார் டீமர். பிறகு, "ஆனா ஒண்ணு. அட்டையில இருந்த பேர் ஒண்ணைக்கூடப் படிக்கல. எண்ணைத்தான் பாத்தாரு" என்றார்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, என் மேலதிகாரி தோழர் கிரால் ஒரு கையெழுத்துப் பிரதியை என் மேசையில் வைத்தார். மூன்று நகல் வேண்டும் என்றார். அனுமதியில்லாமல் பழம்பொருள் வணிகம் செய்ததாகக் குற்றச்சாட்டு. ஹெல்ம்ஃப்ரீட் டீமர் வீட்டிலுள்ள பதினோரு துப்பாக்கிகள் அன்றைய தேதியிலிருந்து மக்கள் சொத்து, அதாவது அரசாங்கத்துக்குச் சொந்தம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கைப்பற்றல். டீமர் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைக்கூட விற்றவரில்லை. என் விரல்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போயின. ஒரு பிழைகூட விழவில்லை.

வெளிச்சத்தில் பிடித்தால் அடித்த எழுத்து தெரியும் என்பதால், இதுபோன்ற காகிதங்களுக்குப் பயன்படுத்திய கார்பன் தாளைச் சாயங்காலம் எண்ணி, எரிக்கும் பையில் போட வேண்டும். மறுநாள் காலை அதே உத்தரவைக் கோப்புக்காக இன்னொரு முறை அடிக்கச் சொன்னார்கள். அடித்து முடித்ததும் கார்பனை எடுக்காமல் உருளைக்கு அடியிலேயே செருகிவிட்டு, பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று சீட்டு அனுப்பினேன். அப்போது எனக்குத் துணிச்சல் இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

டீமர் பெட்டியோடு வந்தார். கிரால் ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"என்ன கோளாறு டைப்பம்மா?"

"ட்ஸெட் சிக்குது."

அவர் அந்த எழுத்தைப் பத்து தடவை தட்டினார். "சிக்கலியே."

"உருளையக் கழட்டிப் பாருங்க டீமர்."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். உருளையைக் கழற்றினார். அது நேராக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினார். கார்பன் அவர் கையில் இருந்தது.

"என்ன டீமர், அந்தம்மா மிஷினக் கொன்னே போட்டாங்களா?" என்றார் கிரால், தலையைத் தூக்காமல்.

"இல்ல தோழர். உருளை தேஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார். கார்பனும் இருந்த இடத்துக்குப் போனது. பெட்டியை மூடி, பழுது ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பையில் கார்பன் எண்ணிக்கை சரியாக இருந்தது.

துப்பாக்கிகளைத் தன் அக்கா எடல்ட்ரவுட் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு போனபோது கதவைப் பாதிதான் திறந்தார்.

"இன்னிக்கு வேணாம் டைப்பம்மா. கையெல்லாம் எண்ணெய்."

அவர் தோளுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை தெரிந்தது. பழைய விரிப்பின் மேல் குழல்கள் ஒரு வரிசை, பொறிகள் ஒரு வரிசை, மரப்பிடிகள் ஒரு வரிசை. எனக்கு அப்போது புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. பதினோரு துப்பாக்கிகளும் அலமாரியில் வழக்கம்போல இருந்தன. டீமர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தூக்கிப்போன ஆளிடம், "துணியில சுத்துங்க தம்பி, பித்தளை கீறிடும்" என்றாராம். தெரு முழுக்கத் திரைச்சீலைகள் அசைந்தன. கதவு ஒன்றும் திறக்கவில்லை.

மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் வழக்கம்போல அலுவலகத்துக்கு வந்து இயந்திரங்களைத் துடைத்துவிட்டுப் போனார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு பெர்லினிலிருந்து மதிப்பீட்டாளரின் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றின் குழல், இன்னொன்றின் பொறி, மூன்றாவதன் பிடி. முப்பது வருடம் காத்து வைத்ததை இரண்டே நாளில் அவர் தன் கையாலேயே கலைத்துப் போட்டிருந்தார். அவற்றைத் திரும்பச் சேர்க்க முடியாதபடி எண்கள் சிலவற்றை அரத்தால் ராவியும் இருந்தார்.

மக்கள் சொத்தைச் சேதப்படுத்தியவரைக் கைது செய்யும் உத்தரவு என் மேசைக்குத்தான் வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். அந்த முறை நான் யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் பால் கடை வாசலில் கையில் தூக்குப்பாத்திரத்தோடு நின்றிருந்தவரை அழைத்துப் போனார்கள்.

பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இயந்திரங்கள் பக்கம் விடவில்லை; ஒரு தொழிற்சாலையின் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலை கொடுத்தார்கள். இருமல் நிற்கவே இல்லை. ஒருநாள் தெருவில் எதிர்ப்பட்டார்.

"எப்படி இருக்கீங்க டீமர்?"

"ஓடுது. உங்க ட்ஸெட் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அதை அப்படியே விட்டுடுங்க" என்றார். தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். 1987 குளிர்காலத்தில் இறந்துபோனார். துப்பாக்கிகள் எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆட்சி மாறியபின் 1992இல் எடல்ட்ரவுட், தன் தம்பியைப் பற்றி ரகசியப் போலீஸ் வைத்திருந்த கோப்பைப் பார்க்க விண்ணப்பித்தார். அவருக்குக் கண்ணில் புரை. "நீ கூட வந்து படிச்சுச் சொல்லு, அன்னெலோரு" என்றார். போனேன்.

விசாரணையில் ஒரே கேள்வியை ஒன்பது தடவை கேட்டிருக்கிறார்கள்: முன்கூட்டியே சொன்னது யார்? ஒன்பது தடவையும் ஒரே பதில்: "யாரும் சொல்லலை. எப்பவோ நான் மாத்தி மாத்திப் போட்டது. ஒண்ணோட பொறி இன்னொண்ணுல உக்காருதான்னு பாப்பேன். மெக்கானிக் புத்தி." நாலாவது பதிலுக்குப் பிறகு சூடில்லாத அறைக்கு மாற்றியதாக ஒரு வரி இருந்தது. அது டிசம்பர் மாதம்.

கடைசித் தாள் பழுது ஏட்டின் நகல். அந்த வெள்ளிக்கிழமை வரியின் கீழே கோடு. ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு குறிப்பு, பக்கத்தில் கேள்விக்குறி: "தட்டச்சுப் பெண்?"

டீமரைக் கைது செய்த 1982ஆம் வருடமே, இலையுதிர் காலத்தில், என் எதிர் மேசைக்கு ஹைட்ரூன் என்று ஒரு பெண்ணைப் போட்டார்கள். வேலைக்கு வந்த முதல் நாளே எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டிகள். எனக்கு இரண்டு வேண்டும் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. ஏழு வருடம் அந்தக் காபியைக் குடித்தேன். அவளிடம் என் வீட்டுக் கதையெல்லாம் பேசினேன். அதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

"என்ன எழுதியிருக்கு, நின்னுட்டே?" என்றார் எடல்ட்ரவுட்.

அவர் விரலைப் பிடித்து அந்தக் கேள்விக்குறியின் மேல் வைத்தேன்.

"இது நான்தான்" என்றேன்.

அவர் விரலை எடுக்கவில்லை. "மறுபடியும் மொதல்லேருந்து படி. மெதுவா" என்றார்.