உறை பிரிக்காத பெட்டிகள்

என் அக்கா வீட்டுக்காரர் பெனடிக்ட், வாங்கிய பொருளின் உறையைப் பிரிக்கவே மாட்டார். துடியலூரில் வீடு கட்டிக் குடிபோனபோது வாங்கிய சோபாவின் மேல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள் போன வருஷம்வரை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் சரசரக்கும். வெயில் காலத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். டி.வி. ரிமோட்டுக்கு ஓர் உறை. ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் இன்னும் பரணில் அட்டைப்பெட்டிக்குள். ஏன் என்று கேட்டால், "நல்ல நாளைக்கு எடுத்துக்கலாமுங்க அம்மணி" என்பார். நல்ல நாளே நேரில் வந்திருந்தாலும் அந்த சோபாவில் வழுக்கி விழுந்திருக்கும்.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான். கார் வாங்கி மூன்று வருஷமாகியும் சீட்டின் பாலிதீனைக் கிழிக்காதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பாட்டை உறை பிரிக்காமல் வைத்திருந்த ஆள், எனக்குத் தெரிந்து, மச்சான் ஒருவர்தான்.

அவர்கள் வீட்டு ஹாலில் மாதா படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடி பீரோ. அதற்குள் பழைய இசைத்தட்டு அகலத்தில் கனமான பெட்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் அமெரிக்காவின் பழைய கிராமத்துப் பாட்டு, 'கன்ட்ரி' என்பார்கள். கூடவே, ஐம்பதுகளில் அதில் துள்ளலைச் சேர்த்து இளவட்டங்கள் ஆடிய 'ராக்கபிலி'. அந்தக் காலத்துப் பதிவுகளை ஒரு பாடகருக்கு ஒரு பெட்டி என்று திரட்டி, மூல டேப்பிலிருந்தே சுத்தமாக எடுத்து, எட்டுப் பத்து சி.டி.யாகப் போட்டு, தடித்த புத்தகம் ஒன்றையும் சேர்த்து வெளிநாட்டில் மறுபடியும் வெளியிடுகிறார்கள். எந்த ஊரில் பதிவு செய்தார்கள், யார் கிடார் வாசித்தார்கள், பாடகர் எந்த இடத்தில் தப்பாகப் பாடி நிறுத்திவிட்டுச் சிரித்தார் என்பதுவரை அந்தப் புத்தகத்தில் இருக்குமாம். இருக்குமாம் என்றுதான் சொல்ல முடியும். ஒரு பெட்டியைக்கூட அவர் திறந்ததில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிற மனுஷனுக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். அவர் போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். பக்கத்து வீடு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டு ஜேக்கும் இவரும் ஒரே வகுப்பு. கிறிஸ்துமஸ் சமயத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம் நடக்கும்போது ஜேக்கின் அப்பா கிடாரைத் தூக்கிக்கொண்டு இந்தப் பாட்டுகளைத்தான் பாடுவாராம். பிற்பாடு ஜேக் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். சிநேகிதம் மட்டும் போகவில்லை. வருஷா வருஷம் மில்லில் தீபாவளி போனஸ் போட்டதும் மச்சான் சொல்லுவார், ஜேக் ஒரு பெட்டி வாங்கி அனுப்புவார். எங்கள் கத்தோலிக்க வீட்டில் தீபாவளி என்றால் அதுதான்.

"வாங்கி அடுக்கறதுக்கா பாட்டு? கேக்க மாட்டீங்களா மச்சான்?" என்று நான் சீண்டாத வருஷமில்லை.

"மில்லுச் சத்தம் காதுல இருக்கறப்ப இதக் கேக்கப்படாதுங்க அம்மணி. ரிட்டயர்டு ஆகோணும். காது ரெண்டு மாசம் ஓய்வெடுக்கோணும். அப்புறம் மொதப் பொட்டியில இருந்து வரிசையா வருவேன்."

"இந்தப் பாட்டெல்லாம் செல்லுலயே வருதே?"

"அதுல பாட்டு மட்டுந்தானுங்க வரும். இதுல அந்தாளு பாடறதுக்கு முன்னால மூச்சு இழுக்கறதே கேக்குமாமுங்க. ஜேக் சொன்னான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பத்தாறு வயசு ஆளின் முகம் மாதிரியே இருக்காது. எனக்கு அதற்குமேல் கேலி செய்ய மனசு வராது.

போன வருஷம் ஒரு நாள் அக்கா அற்புதம் குக்கரை அடுப்பில் வைத்து, மூன்று விசில் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பும்போது பருப்பு கருகிய வாசம் தெருமுனைக்கே வந்து அவளை வரவேற்றது. மச்சான் அடுத்த அறையில் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசிலே வரவில்லை என்று மாதாவின் மேல் சத்தியம் செய்யாத குறை. அக்கா என்னைக் கூப்பிட்டு, "எனக்கு பயமா இருக்குது, நீயும் கூட வா" என்றாள். அவரை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது டாக்டரிடம் இருவருமாகக் கூட்டிக்கொண்டு போனோம்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் மளமளவென்று அமுக்கினார். பிறகு நிறுத்திவிட்டார். சத்தம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று மிஷினருகே இருந்த பெண் எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். மச்சான் கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி, பரீட்சைக்கு வந்த நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "மில்லு சத்தத்துல ரெண்டு காதும் அடி வாங்கிருக்குதுங்க. கீச்சுச் சத்தம், விசில், மெல்லிசான சத்தமெல்லாம் நிறையவே போயிருச்சு. போனது திரும்பாதுங்க. ஆனா மிஷின் வெச்சா நல்லாக் கேக்கும். அதையும் இப்பவே வெச்சுப் பழகோணும். தள்ளிப் போடப் போட மூளை அந்தச் சத்தத்தையே மறந்துபோடும்."

மச்சான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூச்சு இழுக்கற சத்தம் கேக்குமுங்களா?"

"யாரோட மூச்சுங்க?" என்றார் டாக்டரம்மா, ஒன்றும் புரியாமல்.

மச்சான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்து, "ரிட்டயர்டு ஆனதும் மிஷின் வெச்சுக்கறனுங்க" என்றார். ரிட்டயர்டு ஆக இன்னும் ஒன்றரை வருஷம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையிலேயே தலையை முட்டிக்கொண்டிருப்பேன். காதையும் உறை போட்டு நல்ல நாளைக்கு எடுத்துவைக்கிற ஆளை என்ன செய்வது?

அன்றிலிருந்து அவர் கண்ணாடி பீரோப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு ஞாயிறு கழித்து, பூசை முடிந்து நாங்கள் எல்லோரும் அவர்கள் வீட்டில் இருந்தபோது, செல்லில் ஜேக்கைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்திருந்தார்.

"டேய் ஜேக், கிறிஸ்துமஸுக்கு வர்றயல்ல? வந்து எல்லாப் பொட்டியையும் எடுத்துட்டுப் போயிரு. காது நல்லா இருக்கறவன்கிட்ட இருக்கட்டும்."

ஜேக் முதலில் சிரித்தார். பிறகு, "என்ன மேன் பென்னி, பைத்தியமா?" என்றார். இவர் விடுகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும், "சரி, ஒண்ணு செய். மொத மொத அனுப்புனனே, அந்தப் பொட்டியத் தொறந்து பாரு மேன். அதுல சி.டி.க்கு மேல ஸ்பாஞ்சு வெச்சிருப்பான். என்னோடதுல கெட்டுப்போச்சு" என்றார்.

கொடுத்துவிடுவதற்காகத்தான் மச்சான் முதல் தடவையாக ஒரு பெட்டியைத் திறந்தார். பிளேடால் ஓரத்தைக் கீறி, தாளைக் கிழிக்காமல் முழுசாக உருவி, மூடியை எடுத்தார். உள்ளே ஸ்பாஞ்சு வெல்லப்பாகு மாதிரி உருகி சி.டி.களோடு ஒட்டியிருந்தது. ஒன்றை மெதுவாகப் பிரித்துத் தூக்கினார். சி.டி.யின் பளபளப்பு ஸ்பாஞ்சோடு பெயர்ந்து வந்தது. புத்தகம் மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தது.

"ஒரு தடவகூடக் கேக்கல" என்றார். அதையே மறுபடியும் சொன்னார்.

அக்கா ஆறுதல் சொல்லுகிற ரகமில்லை. "கட்டாம வெச்ச பட்டுச்சேலை மடிப்புல கிழியுமல்லங்க, அதேதான். மத்ததையாவது பாருங்க" என்றாள்.

அப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். மச்சான் பீரோவை அகலத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார். பிளேடைக் காணோம் என்று தேடவில்லை. நகத்தால் கிழித்தார், பல்லால் கடித்தார். ஹால் முழுக்கத் தாள் பறந்தது. மற்றவற்றில் ஸ்பாஞ்சு இல்லை. ஒவ்வொரு சி.டி.யும் அட்டை உறைக்குள் பத்திரமாக இருந்தது. முதல் பெட்டியிலும் அடியில் இருந்த மூன்று தப்பித்திருந்தன. ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தால் போதுமா? ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டுமே. சி.டி. பிளேயர் எங்கே என்று கேட்டேன். அதுவும் பரணில்தான் இருந்தது, தெர்மாகோலோடு. டின்னர் செட்டுக்குப் பக்கத்தில். நல்லவேளை, ஓடியது.

இப்படியாக, சோதித்துப் பார்க்கிற சாக்கில் தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டில் பாட்டு ஓட ஆரம்பித்தது. மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்காருவார். அக்காவையும் பக்கத்தில் உட்காரவைப்பார். அவளுக்கு இங்கிலீஷ் பாட்டு ஒரு வரி புரியாது. புரிய வேண்டியதில்லை, பாடகர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விரலைத் தூக்கினால் போதும் என்று சொல்லியிருந்தார்.

நான் போகிற நாளெல்லாம் இந்தக் காட்சிதான். பாட்டில் கிடார் துள்ளும், தாளம் ஓடும். அதெல்லாம் மச்சானுக்குக் கேட்கும், கால் தானாக ஆடும். நடுநடுவே அக்காவின் விரல் மேலே போகும். மச்சான் பிளேயரைப் பார்க்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கேட்டார். "எப்படி இருக்குது, அற்புதம்?"

"எதுங்க?"

"அந்த மூச்சு."

அக்கா யோசித்தாள். "தண்ணிக் கொடத்தத் தூக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பமல்லங்க, அந்த மாதிரிங்க. பாட்டு ரொம்பக் கனம்போல."

மச்சான் பாட்டை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. ஜேக்கைக் கூப்பிட்டு, "ஒரு பொட்டியும் வராதுடா. நீ மட்டும் வா" என்றார். மறுநாள் மில்லில் பெர்மிஷன் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், தன்னந்தனியாக ஆர்.எஸ்.புரத்துக்கு பஸ் ஏறினார்.

அளவெடுத்து மிஷின் வருவதற்குச் சில நாள் ஆனது. வாங்கப் போனபோது அங்கேயே காதில் மாட்டிக்கொண்டார். அதன் அழகான குட்டிப் பெட்டியைக் கடையிலேயே மறந்து விட்டுவிட்டு வந்தார். பெனடிக்ட் ஒரு பெட்டியை மறந்தார் என்று பாதிரியாரிடம் சொன்னால்கூட நம்ப மாட்டார்.

வீட்டுக்கு வந்து, முதல் பெட்டியில் தப்பிய சி.டி. ஒன்றைப் போட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். உடனே பதறி எழுந்தார்.

"ஏனுங்க, என்னாச்சு?" என்றாள் அக்கா.

"என்ன சத்தம் இது?"

நாங்கள் சுற்றும்முற்றும் பார்த்தோம். அவர் மறுபடியும் உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். சோபாவின் பிளாஸ்டிக் தாள்தான். இத்தனை வருஷமாக அது சரசரப்பது அவர் காதுக்கு எட்டவே இல்லை போலிருக்கிறது. "இத வெச்சுட்டு மனுசன் எப்படிப் பாட்டுக் கேக்கறது?" என்று எங்களையே திட்டிக்கொண்டு, ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்து எறிந்தார். உள்ளே சோபா இளநீல நிறம். எனக்கு அன்றுதான் தெரியும்.

மூவரும் அந்த இளநீலத்தில் உட்கார்ந்தோம். மச்சான் பாட்டை முதலிலிருந்து வைத்தார். கிடார் தொடங்கியது. அக்கா வழக்கம்போல விரலைத் தயாராக மடியில் வைத்திருந்தாள்.

அவள் விரல் எழுவதற்கு முன்னால் மச்சானின் விரல் மேலே போனது.