கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வரும்போது பாடகர் குழு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசையில் பதிலுரைப் பாடலை நான் பாட முடியுமா என்று கேட்டார். முதல் வாசகம் முடிந்ததும் ஒருவர் வாசகமேடைக்குப் போய்த் தனியாகச் சரணங்களைப் பாடுவார், மக்கள் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். மொத்தமே நான்கு நிமிடம்தான்.

எனக்கு அது பெரிய விஷயம். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் ஊர்க் கோயிலில் பத்து வருடம் பாடியவள் நான். காரைக்குடிக்கு மருமகளாக வந்த பிறகும் இங்கே குழுவில் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் அது நின்றுபோனது. இரண்டு வருடமாக நான் கோயிலில் பாடியதெல்லாம், கடைசி வரிசையில் பிள்ளையின் வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டே முணுமுணுத்ததுதான். மாஸ்டர் கேட்ட உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்ற யோசனை கோயில் வாசலைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

அன்று மதியம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன்.

"நல்லாப் பாடுத்தா. நாங்க இத்தன பேரு இருக்கோம், ஒத்தப் புள்ளயப் பாத்துக்க மாட்டமா?" என்றார் என் மாமியார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

"நான் வச்சுக்கிறேன், நீ கவலப்படாத" என்றார் கணவர். மாமனார் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். பண்டிகைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரவிருந்த கணவரின் அக்கா போனிலேயே, "என் மருமகள எங்கிட்ட விட்ரு. நீ பாட்டுக்குப் பாடு" என்று சிரித்தார். அவர் எனக்கு மதினி.

நான்கு பேர் சொன்னார்கள். நான்கு பேர் சொன்னதையும் நம்பினேன்.

எனக்கு வேலை தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில். பஸ் பிடித்து வீடு வந்து சேர ஐந்தரை ஆகிவிடும். ஆறு மணிக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. கணவருக்குக் கடை. பண்டிகை வியாபாரம் நடக்கும் மாதத்தில் எட்டு மணிக்கு முன்னால் அவர் வருவதில்லை. அத்தைக்கு முழங்கால் வலி, பிள்ளையின் பின்னால் ஓட முடியாது. முதல் மூன்று நாள் மகளையும் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். அவள் கீபோர்டில் ஏறி உட்காரப் பார்த்தாள். மாஸ்டர் பொறுமையான மனிதர். ஆனால் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நான்காம் நாளிலிருந்து மெட்டைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மெதுவாகப் பாடிப் பழகினேன். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மா, "யாருகூட டீச்சர் சண்ட போட்டுக்கிட்டே வாரீக?" என்று கேட்டார்.

இருபதாம் தேதி மதினி தன் இரண்டு பையன்களோடு வந்து இறங்கினார். வீடு கலகலப்பானது. நான் அதை மறுக்கவில்லை. தரையில் பேப்பர் விரித்துக் கல்கல் என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவை உருட்டினோம். மகள் தனக்குக் கொடுத்த மாவைக் கறுப்பாகும்வரை உருட்டி, அதையும் மற்றதோடு போட்டுப் பொரிக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். தினமும் காலையில் எழுந்ததும் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலிலிருந்த பொம்மை ஆட்டுக்குட்டிகளை எடுத்துப் போர்வைக்குள் படுக்க வைத்தாள். அதெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மதியத் தூக்கம் போனது. சோற்றுக்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு முறுக்கு, ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றால், "பண்டிகைக்கு நாலு நாளு, விடு" என்றார்கள். கொடுத்தவர்கள் கொஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள். தூக்கமும் இல்லாமல் பசியும் எடுக்காமல் மாலையில் அவள் அழும்போது, "அம்மாகிட்டப் போ, அம்மாகிட்டப் போ" என்று என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இருபத்துமூன்றாம் தேதி மாலை ஏழு மணிக்குக் கேரல் குழு வந்தது. ட்ரம் சத்தத்தோடு முன்னால் ஆடிக்கொண்டு வந்தார் கிறிஸ்துமஸ் தாத்தா. சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி ஒட்டிய பிளாஸ்டிக் முகமூடி. உள்ளே இருந்தவர் எங்கள் தெருவில் எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவர்தான். மகள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மதினி போனை எடுத்துக்கொண்டு வந்தார். "இங்குட்டுக் கொண்டா. தாத்தா கையில குடுத்து ஒரு போட்டோ எடுப்போம்."

"வேணாம் மதினி. பயந்துக்கிருவா. முகமூடியக் கழட்டிட்டு வேணா எடுங்க."

"முகமூடியக் கழட்டுனா அப்பறம் என்ன தாத்தா? என் பயலுக ரெண்டு பேரும் இப்பிடித்தான் அழுதானுக. ஒண்ணும் ஆகல."

சொல்லிக்கொண்டே என் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிரித்து எடுத்துத் தாத்தா கையில் கொடுத்துவிட்டார். கேரல் குழு, பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் நிற்கிறார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மகளுக்கு முதலில் அழுகையே வரவில்லை. மூச்சை இழுத்தாள், உடம்பு விறைத்துப் போனது. அதன் பிறகு வந்த அலறலில் ட்ரம் அடித்தவர் கையை நிறுத்திவிட்டார். பிள்ளை உடுப்பை நனைத்துவிட்டாள். எலெக்ட்ரீஷியன் பதறிப்போய் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அக்கா, மன்னிச்சிருங்க, அக்கா" என்று என்னிடம் அவளைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் இல்லை.

போட்டோ எடுத்தாகிவிட்டது. நான் பிள்ளைக்கு வேறு உடுப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. வாயைப் பிளந்து அழும் என் மகள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அன்று கணவரிடம் சொன்னேன். "அக்கா தெரியாமச் செஞ்சிருச்சு. விடு" என்றார்.

"நான் வேணாம்னு சொன்னேன். அது காதுல விழுந்துச்சு. அப்பறம் எப்பிடித் தெரியாமச் செஞ்சாக?"

அவர் விளக்கை அணைக்க எழுந்து போனார்.

அன்றிலிருந்து மகள் என்னை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று அழுதாள். வாசல் பக்கம் கையைக் காட்டி, "பூச்சாண்டி வந்துச்சு" என்றாள். அத்தையிடம் போகவில்லை. அப்பாவிடம் போனாலும் கண் என் மேலேயே இருந்தது. இருபத்துநான்காம் தேதி, "நாளைக்கு என்ன செய்றது?" என்று நான் கேட்டதற்கு, "காலைல சரியாயிருவா" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாஸ்டருக்குப் போன் செய்து வேறு ஆளைப் பார்க்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். செய்யவில்லை. எனக்குப் பாட வேண்டும் என்றிருந்தது.

பிள்ளை இருப்பதால் அந்த வருடம் எல்லோரும் காலை எட்டு மணிப் பூசைக்கே போவதாக முடிவாகியிருந்தது. மகளுக்கு நான் பூப்போட்ட காட்டன் கவுன் எடுத்து வைத்திருந்தேன். மதினி அடுக்கடுக்காக வலை வைத்துத் தைத்த வெள்ளைக் கவுன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "ஆசையா வாங்குனேன்" என்று அவர் சொன்ன பிறகு என்ன பேசுவது? அதைத்தான் போட்டோம். கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

கோயில் வாசலில் கணவர் கையில் அவளைக் கொடுத்தேன். அழுதாள். "போ, போ, நான் குடிலைக் காட்டுறேன்" என்று அவர் அந்தப் பக்கம் நடந்தார். நான் பாடகர் குழு நிற்கும் இடத்துக்கு, பீடத்தின் இடது பக்கம் போனேன். வருகைப் பாடல் முடிந்தது. வானவர் கீதம் முடிந்தது. பிள்ளையின் சத்தம் இல்லை. சரியாகிவிட்டாள் என்றே நினைத்தேன். முதல் வாசகம் முடிந்ததும் மாஸ்டர் தலையை அசைத்தார். வாசகமேடைக்கு நடந்தேன்.

பல்லவியை ஒருமுறை பாடினேன். மக்கள் திருப்பிப் பாடினார்கள். குரல் நன்றாக இருந்தது. அது எனக்கே தெரிந்தது. இரண்டு வருடமாகத் திறக்காத குரல். முதல் சரணத்தின் இரண்டாவது வரியில், கோயிலின் பின்பக்கத்திலிருந்து "அம்மா!" என்று கேட்டது.

நடுப்பாதையில் அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வலைக் கவுன் காலில் சிக்க, மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தாள். தாடை தரையில் மோதிய சத்தம் மைக் வழியாகவே கேட்டதுபோல் எனக்கு இருந்தது. மைக்கை விட்டுவிட்டு ஓடினேன். அவளைத் தூக்கியபோது உதட்டில் ரத்தம். மாஸ்டர் கீபோர்டை நிறுத்தவில்லை. குழுவிலிருந்த ஒரு கல்லூரிப் பெண் மேடைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

வெளியே சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரால் உதட்டைக் கழுவினேன். சின்னக் கிழிசல்தான். ஒலிபெருக்கியில் என் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நன்றாகவே பாடினாள். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மடியில் பிள்ளை விசும்புகிறாள், எனக்கோ பாட்டு போய்விட்டதே என்று வயிறு எரிகிறது. அப்படி எரிகிறதே என்று இன்னொரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது.

பத்து நிமிடம் கழித்துக் கணவர் வந்தார். "என்னாச்சு? அக்காகிட்ட இருக்கான்னுல நினைச்சேன்."

பிறகுதான் விவரம் தெரிந்தது. குடிலருகே அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருக்கிறார். அவரோடு தெருவாசலுக்குப் போய்ப் பேசுவதற்காகப் பிள்ளையை அத்தையிடம் கொடுத்திருக்கிறார். அத்தை கால் வலிக்கிறது என்று மதினியிடம் கொடுத்திருக்கிறார். மதினி ஒரு சாக்லேட்டைக் கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மாமனார் பார்த்துக்கொள்வார் என்று பாட்டுப் புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். மாமனாருக்குக் கண்ணை மூடி ஜெபிப்பது வழக்கம்.

"நாலு பேரு இருந்தீக" என்றேன். "நாலு நிமிசம். ஆளுக்கு ஒரு நிமிசம் வச்சுக்கிட்டாக்கூடப் போதுமே."

அவர் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். அவள் வரவில்லை.

மதியம் வீட்டில் பிரியாணி. மகள் என் இடுப்பில் இருக்க, ஒரு கையால் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மதினி பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "பாவம். புள்ள அழுகும்னு தெரிஞ்சும் நீ எதுக்குத்தா பாட ஒத்துக்கிட்ட?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மதினி, இவ அழுகுற புள்ள இல்ல. முந்தாநேத்து வரைக்கும் எல்லார்கிட்டயும் போனா. நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல நீங்கதான் தூக்கிக் குடுத்தீக. அப்பறம் பாத்துக்கிறோம்னு சொன்னவுக ஒருத்தர்கூடப் பாக்கல. நான் பாட ஒத்துக்கிட்டது மட்டும்தான் உங்களுக்குத் தப்பாத் தெரியுதா?"

என் குரல் ஹால் வரைக்கும் போயிருக்க வேண்டும். மதினியின் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்குத்தா இந்தப் பேச்சு?" என்றார் அத்தை.

நேராக ஹாலுக்குப் போய்ப் பிள்ளையைக் கணவர் மடியில் உட்கார வைத்தேன். அவள் கத்தினாள். திரும்பி வந்து ஒரு தட்டு எடுத்து, பிரியாணி வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் பரிமாறி முடித்துக் கடைசியில்தான் சாப்பிடுவோம். யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை, நடந்துகொண்டிருந்தது. அன்று நான் முதலில் சாப்பிட்டேன். கணவர் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். சத்தம் மேலே போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எழுந்து ஓடச் சொல்லிக் கால் துடித்தது. எழவில்லை. பிரியாணியின் ருசி எனக்கு ஞாபகமில்லை. ஆனால் முழுத் தட்டும் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

மாலையில் மதினி அந்தப் போட்டோவைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஊருக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன்" என்று என் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்திருந்தார். என் கோபம் அதற்குள் போய்விடவில்லை.

மாஸ்டர் போன் செய்தார். புத்தாண்டு அன்று காலைப் பூசைக்குப் பாட முடியுமா என்றார். இந்த முறை நான் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன். "ஏழரைக்குப் போயிட்டு ஒம்பதரைக்கு வருவேன். நீங்க வீட்டுலயே இருங்க. கையில வச்சுக்கிட்டு இருங்க. வேற யாருகிட்டயும் குடுக்கக் கூடாது."

"சரி" என்றார்.

மற்றவர்கள் முந்தின இரவுப் பூசைக்கே போய்வந்துவிட்டார்கள். காலையில் நான் புறப்பட்டபோது மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருமுனை வரைக்கும் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கோயிலில் பாதிக் கூட்டம்தான். பாடினேன். இரண்டாவது சரணத்தில் குரல் ஒருமுறை பிசிறியது. மற்றபடி முழுதாகப் பாடி முடித்தேன். எங்கள் வீட்டு ஆள் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. "நல்லா இருந்துச்சும்மா, கொஞ்சம் அவசரப்பட்டீக" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்தபோது மகள் அப்பாவின் தோளில் தூங்கிப் போயிருந்தாள். அவருடைய சட்டை முழுக்க இட்லித் துணுக்குகள். நான் போய் ஐந்து நிமிடத்தில் அழுகையை நிறுத்திவிட்டாளாம். உட்கார்ந்தால் விழித்துவிடுகிறாள் என்று முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டே இருக்கிறாராம். அதைப் பெரிய செய்தியாக என்னிடம் சொன்னார்.

அடுக்களையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "பாடிட்டியாத்தா?"

"பாடிட்டேன் அத்தை."

"நல்லது. வா, இந்தத் தேங்காயக் கொஞ்சம் துருவிக் குடு."

"டீ குடிச்சிட்டு வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, ஹாலிலேயே உட்கார்ந்தேன்.