புழுதி எழாத வளைவு

கார்த்திகை மழை ஓய்ந்து பாலாற்றில் தண்ணீர் நூலாக இளைக்கும்போது, எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் எல்லோருக்கும் ஒரு மயக்கம் பிடித்துக்கொள்ளும். தை பிறந்ததும் மதராஸிலிருந்து பெங்களூருக்கு மோட்டார் பந்தயம். வண்டிகள் ஆம்பூரைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஷாப்பின் மதிலை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில்தான் நாங்கள் நின்று பார்ப்போம். கணக்கு மேசையில் உட்கார்ந்து தோல்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். நிமிர்ந்தால், பனியில் ஓர் எருமை போய்க்கொண்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து கூட்டுவேன்.

எங்களுக்கென்று ஒரு வண்டி இருந்தது. முதலாளியின் பச்சை நிறக் கார். ஓட்டியவர் அவருடைய டிரைவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். இரண்டு பந்தயம் ஓடி, இரண்டிலும் கடைசி. மூன்றாவது நெருங்கும்போது முதலாளி சொல்லிவிட்டார், இந்த முறையும் கடைசி என்றால் காரை விற்றுவிடுவதாக. விற்றாலும் பாய்க்கு வேலை போகாது. ஷாப்பு லாரி இருந்தது. ஆனால் காலையில் அந்தக் காரைத் துடைக்கும்போது பாய் அதனோடு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். லாரியோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வண்டி மேல குத்தமில்ல கணக்கரே," என்றார் ஒருநாள். "நம்ம வளைவுலதான் பேஜார். முன்னால போறவன் கெளப்புற புழுதில ஒண்ணும் தெரியல. அந்த எடம் மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர முந்திடுவேன்."

தோல் ஊறும் பட்டைக் குழிகளின் மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். "புழுதிதானே? நம்மகிட்ட இல்லாத சக்கையா பாய்?"

ஆவாரம் பட்டையின் சாறெல்லாம் தோலில் இறங்கிய பிறகு சக்கை மிஞ்சும். அதை ஷாப்பு முற்றத்தில் கொட்டிப் பரப்பித் தண்ணீர் தெளிப்போம். மண் எழும்பாது. அதையே ரோட்டில் பரப்பினால் என்ன என்பதுதான் மேஸ்திரியின் யோசனை. எனக்குக் கவலை. வண்டி வழுக்காதா, ஈரத்தில் நின்றால் எனக்கு மார்ச்சளி கட்டாதா என்று கேட்டேன்.

"உங்க சளிக்கு ஒரு பந்தயம் வெச்சா நீங்கதான் மொதல்ல வருவீங்க," என்றார் மேஸ்திரி.

பாய் ஒருநாள் முற்றத்துச் சக்கையில் காரை ஓட்டிப் பார்த்தார். வழுக்கவில்லை. "மெத்த மாதிரி இருக்குது," என்றார்.

பந்தயத்தன்று விடியலில் கூடை கூடையாகச் சுமந்து வளைவு முழுதும் பரப்பினோம். கூடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்றுப்பத்தில் யாரோ குறுக்கே பேசியதால் விட்டுப்போயிற்று. அது இன்றும் உறுத்துகிறது. வெயில் ஏறியபோது ஈரச் சக்கையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. தேன் நிறத்தில் ரோடு மிதப்பதுபோல் இருந்தது. அதன்மேல் பச்சைக் கார் சத்தமில்லாமல் வழுக்கிப் போவதையும், பெங்களூரில் யாரோ பாய்க்கு மாலை போடுவதையும் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் முகத்திலும் அதே மாலைதான் தெரிந்தது.

முதலில் மூன்று வண்டிகள் போயின. ஒரு பொட்டுத் தூசி இல்லை. வளைவைத் தாண்டி அவை கிளப்பிய புழுதியும் அடங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு வண்டிகள் சேர்ந்து வந்தன, பின்னால் எங்கள் பச்சை. வளைவின் நடுவில் பாய் ஒதுங்கி, ஒன்றை முந்தினார். இன்னொன்றையும் முந்தினார். நாங்கள் கத்திய கத்தலில் மதில்மேல் இருந்த காக்கைகள் பறந்தன.

அதே நேரத்தில் வளைவு முடியும் இடத்தில், ஆற்றோரப் பாதையிலிருந்து ஒரு மாட்டுவண்டி நிதானமாக ரோட்டில் ஏறியது. பாய் காரைத் திருப்பினார். கார் பள்ளத்தில் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முந்தப்பட்ட இரண்டும் விலகிப் போய்விட்டன.

பாய்க்குக் காயமில்லை. முன்சக்கரம் கோணிப்போயிருந்தது. "கண்ணு இல்லியாய்யா ஒனக்கு?" என்று வண்டிக்காரரிடம் கத்தினார். "எங்க போற இப்ப?"

"உங்க ஷாப்புக்குத்தான் சாமி, பட்ட எறக்க," என்றார் வண்டிக்காரர். ஆலங்காயத்துக்காரர். "ஓரமாத்தான் நின்னுனு இருந்தேன். மோட்டார் வந்தா வளைவுலயே புழுதி தெரியுமே. இன்னிக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் போய்டுச்சின்னு ஏறிட்டேன்."

மேஸ்திரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவற்றில் இன்னும் சக்கை ஒட்டியிருந்தது.

முதலாளி சொன்னபடியே செய்தார். சக்கரம் சரிசெய்யப்பட்டு, கார் திருப்பத்தூர் வியாபாரி ஒருவரிடம் போயிற்று. பாய் லாரி ஓட்டினார்.

அடுத்த தையில் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எங்களுக்கு முன்பே வந்து வளைவில் நின்றிருந்தார். சக்கை போடவில்லை. புழுதியில் வண்டிகள் நிழல்களாக வந்து நிழல்களாக மறைந்தன. நான் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். ஏழாவது பச்சையாக இருந்தது.

"நம்ம வண்டி!" என்று பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கடைசி இல்ல கணக்கரே, பின்னால இன்னும் சத்தம் கேக்குது!"

இரண்டு வண்டிகள் பின்னால் வந்தன. பாய் அவற்றைப் பார்க்கவில்லை. பச்சை போன திசையிலேயே காதை வைத்திருந்தார்.

"எஞ்சின் இழுக்கல. எண்ணெ மாத்தாம ஓட்றான்," என்றார். "அடுத்த வருஷத்துக்குள்ள திருப்பத்தூர் போய்ச் சொல்லிட்டு வந்துடணும். வர்றீங்களா?"

பஸ் குலுக்கல் என் இடுப்புக்கு ஆகாது என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் கிளம்பினோம்.