தீபத்தின் மேல் ஆடிய கை

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய வருஷம் என் மனைவி இறந்தாள். ஈரல் சுருங்கும் நோய். மகோதரம் என்று சொன்னால்தான் ஊரில் விளங்கும். கள்ளோ சாராயமோ நாக்கில் படாத உடம்பு. எப்போதோ வந்த மஞ்சள்காமாலை விட்டுப்போன மிச்சம் அது. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை வயிற்று நீரை எடுத்தார்கள். அதன்பின் சோறு பொங்கவும் தொழுவம் கூட்டவும் எழுந்துவிட்டாள். இப்படியே நாள் ஓடும் என்று நம்பியிருந்தேன்.

வெள்ளிதோறும் தோவாளைப் பிச்சிப்பூ வாங்கிக் கோயிலுக்குச் சரம் கட்டிக் கொடுப்பாள். ஒரு வெள்ளி, பூசை செய்யும் போற்றி அதைச் சாமிக்குச் சாத்தும்போதே சரம் உதிர்ந்துபோயிற்று.

“ஏட்டி, முடிச்சுப் போடவா மறந்துபோச்சு?” என்று வீட்டில் வந்து ஏசினேன்.

“போட்டேனே” என்றாள்.

பகலெல்லாம் தூங்கினாள். குழம்பில் புளிக்குப் பதில் கருப்பட்டியைக் கரைத்தாள். “மாப்ளைக்கு இனிச்சுக் கெடக்கட்டும்னு போட்டிருப்பா” என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறு வாரம் வீட்டில் சாஸ்தா படத்துக்குச் சூடம் காட்டினேன். ஒற்றிக்கொள்ள அவள் இரு கைகளையும் தீபத்தின் மேல் நீட்டினாள். மணிக்கட்டுகள் கொக்குச் சிறகுபோல் சட்டென்று தாழ்ந்து தாழ்ந்து எழுந்தன. மாமியார் குலவையிட்டுத் தரையில் விழுந்தார்.

“மாப்ளே, இது நோயுமில்லே தீனமுமில்லே. சாஸ்தாவாக்கும் எறங்கியிருக்கது. கேளும், என்னன்னு கேளும்.”

மனைவியைப் பார்த்துக் கைகூப்பினேன். “அய்யனே, இவ பொழைப்பாளா?”

அவள் என்னை யாரோபோலப் பார்த்தாள். நாக்குக் குழறியது. “அவளுக்கென்ன? கல்லு மாதிரி கெடப்பா.”

அய்யன் வாக்கு என்று நம்பினேன். ஆறு நாள் விரதம் இருந்தேன். காலையும் மாலையும் சூடம் காட்டினோம், கை ஆடியது, கும்பிட்டோம். ஏழாம் நாள் கை ஆடவில்லை. கூப்பிட்டும் விழிக்கவில்லை. வில்வண்டியில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம்.

“கை இப்பிடி ஆடிச்சா?” என்று டாக்டர் தன் கைகளை நீட்டி ஆட்டிக் காட்டினார். அதே ஆட்டம்.

“ஆமா. ஏழு நாளாச்சு.”

“வயித்துல நீரை வச்சுக்கிட்டு வருசக்கணக்கா நடமாடுகவங்க உண்டும். ஈரல் கழிக்க வேண்டிய விஷம் மூளைக்குப் போயிட்டா கை இப்பிடி ஆடும், பொறவு அந்தக் கணக்கு ஆகாது ஓய். கை ஆடுன அன்னைக்கே வந்திருந்தா வயித்தைக் கழிய வச்சுப் பாத்திருக்கலாம். அப்பமும் பொழைக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். இப்பம் நேரம் போச்சு.”

மூன்றாம் நாள் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. “குறி தப்பிப் போச்சே” என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். கை ஏன் ஆடியது என்று அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.

அய்யன்மேல் கோபமில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லையே, சொன்னது அவள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். தீபத்தட்டு வரும்போது கைகளை நீட்டுவேன். அவை அசையாமல் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.